கயிற்றின் இந்தப் பக்கம்



போன வாரம் மணியோடு நடக்கும் போட்டோவைப் போட்டதும், "நாயைக் கண்டால் பெஞ்ச் மேல ஏறுவீங்களே டீச்சர், இது நீங்கதானா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான்தான். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு செய்தி இருக்கிறது.

மணி என் மகன் வளர்த்த சிப்பிப்பாறை நாய். வேலை மாறிப் பெங்களூரு போனபோது, "மூணு மாசம் மட்டும் பார்த்துக்கோம்மா" என்று விட்டுப் போனான். வருஷம் ஒன்றரை ஆகிவிட்டது. விருதுநகர்ப் பக்கத்தில் முயல் வேட்டைக்கு வளர்த்த ஜாதி இது. கண்ணில் ஏதாவது ஓடினால் போதும், பாய்ந்துவிடும். முகப்பேரில் முயல் ஏது? பூனையும் அணிலும் பைக்கும்தான்.

முதல் மாதம் நான் அதை நடத்திக்கொண்டு போகவில்லை. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அது இழுக்க இழுக்க, நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். ஒருநாள் காலை பால் வாங்கப் போகையில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. சுற்றிய கயிறு கையை விடவில்லை. குப்புற விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்தபின், தடுப்பூசிக்குப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க இழுக்கிறதாலதாம்மா அதுவும் இழுக்குது. கழுத்துல ஒரு பக்கம் இழுத்தா, நாய் எதிர்ப்பக்கம்தான் முட்டும். அதோட, அது இழுத்தப்போ எல்லாம் நீங்க பின்னாலயே போயிருக்கீங்க. இழுத்தா போக வேண்டிய இடத்துக்குப் போகலாம்னு நீங்களே கத்துக் கொடுத்துட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆசிரியர் பயிற்சியில் பாவ்லவின் நாய், தூண்டல்–துலங்கல், தார்ண்டைக்கின் விளைவு விதி எல்லாம் மனப்பாடம் செய்து எழுதித் தேறியவள் நான். நல்ல பலன் தரும் செயலை உயிர்கள் திரும்பச் செய்யும் என்பதுதானே அந்த விதி? பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

அன்று முதல் புதுப் பாடம். இந்த ஜாதிக்குத் தலை ஒடுக்கம். சாதாரண பெல்ட் தலைவழியே கழன்றுவிடும். அதனால் அகலமான பெல்ட் மாற்றினேன். ஆறடிக் கயிறு. கையில் சுற்றுவதில்லை. மணி இழுத்தால் நான் மரம் மாதிரி நின்றுவிடுவேன். திட்டுவதில்லை, வெடுக்கென்று இழுப்பதுமில்லை. அது திரும்பிப் பார்த்து, கயிறு தொய்ந்த அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று சொல்லி, என் காலருகே ஒரு துண்டு வேகவைத்த கோழி. பிறகு நடப்போம். கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தாலும் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. முதல் நாள் எங்கள் தெருமுனையைத் தொடவே இருபது நிமிடம் ஆனது. எதிர்வீட்டுப் பாட்டி, "என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கறே?" என்றார். மூன்றாவது வாரம் கயிறு தொய்ந்தபடியே பூங்காவரை போனோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தெருநாய்களைத் தூரத்தில் பார்த்ததும் பயத்தில் கயிற்றைச் சுருட்டிப் பிடிப்பேன். உடனே மணி உறுமும். மணிக்குத்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். என் பயம்தான் கயிறு வழியாக அதற்குப் போயிருக்கிறது. இப்போது இறுக்காமல், வளைந்து அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

அதற்காகக் கயிறே வேண்டாம் என்று யாரும் நினைக்காதீர்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அதன்பின் மாநகராட்சியும் கயிறு, வாய்மூடி என்று கண்டிப்பாகச் சொன்னது. சரிதான். மணிக்குக் கூடை மாதிரி வாய்மூடி போட்டிருக்கிறேன். மூச்சு வாங்கலாம், கோழித்துண்டும் தின்னலாம். கயிறு கட்டாயம் வேண்டும். அதை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி அந்த ஒருவருக்கு.

1989, ஒன்றாம் வகுப்பு. நீ சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுப்பாய். "பீச்சாங்கையில் எழுதலாமா?" என்று பிடுங்கி வலது கையில் திணிப்பேன். என் கையால் உன் கையை இறுக்கி அழுத்தி 'அ' எழுத வைப்பேன். நான் பக்கத்தில் வந்தாலே உன் கை விறைத்துக்கொள்ளும். பிடிவாதம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். வலது கையில் எழுதக் கற்றுக்கொண்டாய். ஆனால் அந்த வருஷம் முழுக்க வகுப்பில் நீ ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. மணியின் கழுத்து விறைப்பதைக் கையில் உணர்ந்த அன்றுதான் உன் கை நினைவுக்கு வந்தது.

போன மாதம் உன் மகள் படம் வரையும் போட்டோ போட்டிருந்தாய். இடது கை. பக்கத்தில் நீ சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நல்லாப் பார்த்துக்கோப்பா. டீச்சரை மன்னிச்சுக்கோ. முடிந்தால் ஒருநாள் பாப்பாவோடு வீட்டுக்கு வா. மணி கடிக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
முகப்பேர்.