டீக்கு ஒரு பாஸ்வேர்டு!

2007, ஹாஸ்டல் வாழ்க்கை. பட்டன் போனுக்காக ஜாவாவில் பல்லாங்குழி கேம் எழுதினேன். 14 குழி, சோழி எல்லாம் பக்கா! ப்ளூடூத்தில் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. மூணு ரவுண்டு ஓசி. நாலாவதுக்கு பாஸ்வேர்டு வேணுமா? எனக்கு ஒரு டீ! இதுக்குப் பேர்தான் ஷேர்வேர்னு அப்போ தெரியாது.

போன மாசம், காலேஜ் படிக்கிற அக்கா பையன், "அந்த கேமைக் காட்டுங்க மாமா" என்றான். பென் டிரைவில் ஃபைல் பத்திரமாக இருந்தது. "என் போன்ல ஓடலை மாமா" என்றான். சுருக்கென்றது.

அப்போதான் ஜெஃப் வோகல் ஞாபகம் வந்தார். அமெரிக்காவின் சியாட்டிலில் கணக்கில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு கேம் எழுதுவதையே பிழைப்பாக்கினார். 1995-ல் மேக் கம்ப்யூட்டருக்கு 'எக்ஸைல்' வந்தது. முதல் பகுதி இலவசம், மீதிக்குக் காசு. பிறகு விண்டோஸுக்கும் போனது.

காலம் சும்மா இருக்குமா? 2006-ல் மேக்கின் சிப் மாறியது. 2020-ல் மறுபடி மாறியது. சிஸ்டமும் எத்தனையோ தடவை மாறியது. மனுஷர் அசரவில்லை. அதே கதையை 2000-ல் 'அவெர்னம்' என்று புதுசாக எழுதினார். 2011-ல் இன்னொரு தடவை! ஐபேடுக்கும் கொண்டுபோனார்.

மெஷின் நம்ம கையில் இல்லை ஃபிரெண்ட்ஸ். ஆட்டம் நம்முடையது.

நேற்று ராத்திரி, முதல் குழியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பிச்சுட்டேன். மருமகனுக்கும் மூணு ரவுண்டுதான் ஓசி. நாலாவதுக்கு... டீயோடு ஒரு வடையும்!