கல், சுரூபம், சமாதி

நெய்க்காரப்பட்டியில் பஸ் ஏறினால் பழனி கூப்பிடு தூரம்தான். பக்கத்தில் காவடியோடு உட்கார்ந்திருப்பவரிடம், "கல்லையா கும்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "முருகனை ஐயா, முருகனை!" என்பார், கொஞ்சம் கோபமாகவே.

அதே பஸ் ரோட்டில் கிழக்கே திண்டுக்கல்லுக்கு வாருங்கள். கத்தோலிக்கர்களின் சூசையப்பர் கோயிலில் சுரூபங்கள் உண்டு. உருவம் செய்து வணங்காதே என்ற கட்டளை என்னவாயிற்று? 787-ல் நிசேயாவில் கூடிய சங்கம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: உருவத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கிறவரையே சேரும்; ஆராதனை கடவுள் ஒருவருக்கே. காவடிக்காரர் சொன்னதற்கும் இதற்கும் வெகு தூரமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாதிரியார் ஒப்பமாட்டார்! பிராட்டஸ்டண்டுகளில் பலர் அந்தச் சங்கத்தின் பதிலையே ஒப்பவில்லை.

யூதர்கள் இன்னும் கண்டிப்பு. கடவுள் சொல்லி மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு ஜனங்கள் தூபம் காட்டவே, எசேக்கியா ராஜா அதை உடைத்தெறிந்தான் என்கிறது அவர்கள் வேதம்.

ஊரின் தென்பக்கம் பேகம்பூர். மசூதிக்குள் உருவம் ஏதும் கிடையாது. மெக்காவின் கருங்கல்லை முத்தமிடுகிறார்களே என்பீர்கள். கலீபா உமர் அந்தக் கல்லிடமே சொன்னாராம்: நீ வெறும் கல், நன்மையும் செய்யாய், தீமையும் செய்யாய், நபிகள் முத்தமிட்டதைப் பார்த்ததால்தான் நானும் முத்தமிடுகிறேன்.

மசூதி வளாகத்தில் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் சமாதி இருக்கிறது. இது ராஜகுடும்பத்துச் சமாதி. ஆனால் அவுலியாக்களின் தர்காவில் கையேந்துவது மரியாதையா, ஆராதனையா? முஸ்லிம்களுக்குள்ளேயே அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.