லண்டனை விட ஜாஸ்தி மழை... ஆனா தண்ணியில்லாக் காடு!

‘‘உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!’’ சினிமாவில் மேலதிகாரி இப்படி மிரட்டினால், அது ராமநாதபுரம் மாவட்டம்தான்னு நமக்குச் சொல்லாமலே புரியும். ஆனா, ஒரு சின்னக் கணக்கு பாருங்க. இந்த மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். எப்பவும் குடையோடு அலைகிற லண்டன்காரர்களுக்குக் கிடைப்பது 600 சொச்சம்தான்!

அப்போ எங்கே இடிக்குது? லண்டனில் அது வருஷம் முழுக்கத் தூறும். இங்கே பாதிக்கு மேல் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள்ளேயே கொட்டித் தீர்த்துடும். சில நாள் வெள்ளம், மிச்ச நாள் வெயில். இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் நம்ம முன்னோர் ஊரே கட்டியிருக்காங்க. பார்க்கணுமா? மதுரையில் பஸ் ஏறுங்க. கீழடி, அபிராமம், அழகன்குளம் என மூணு ஸ்டாப்.

முதல்ல கீழடி. 2023-ல் திறந்த மியூசியத்தில் பானை ஓடுகளையும் மணிகளையும் எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க மண்ணைப் பத்தியும் யோசிங்க. செங்கல் சுவர்களுக்கு மேலே மணலும் வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்கா மூடிக் கிடந்தது. அதெல்லாம் வைகை கொண்டுவந்து கொட்டினது. ஒரு மணல் துகள் கடைசியா எப்போ வெயிலைப் பார்த்ததுன்னு சொல்ல ஒரு டெக்னிக் இருக்கு. புதைந்த துகளுக்குள் மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் கொஞ்சம் கொஞ்சமா ஆற்றல் சேரும். லேபில் ஒளி காட்டினால், அது வெளிச்சமா வெளியே வந்துடும். எவ்வளவு சேர்ந்திருக்கோ, அத்தனை வருஷம்! அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடமும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து இப்படிப் பார்த்ததில், சுமார் 1,150 வருஷத்துக்கு முன் வந்த ஒரு பெருவெள்ளம்னு தெரிய வந்தது. ஒரு விஷயம், இது வண்டல் விழுந்த காலம். கீழடியில் மனுஷங்க வாழ்ந்த காலத்தைத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகுது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

உலகத்தின் அந்தக் கோடியில் பெரு நாட்டிலும் இதே கதைதான். கடற்கரைப் பாலைவனம், மலையிலிருந்து இறங்கும் குட்டி ஆறுகள், அதை நம்பி வாழ்ந்த மோச்சே மக்கள். எல் நினோ வந்தால் பாலைவனத்தில் பேய்மழை! அவங்க கோயில் முற்றம் ஒன்றில், நரபலி கொடுக்கப்பட்டவர்களின் எலும்புகள் மழைச் சேற்றோடு சேர்ந்து கிடைச்சிருக்கு. பயம் அப்படி! வாய்க்கால் வெட்டுவதில் அவங்களும் கில்லாடிகள்தான். ஆனா நம்ம ஆளுங்களோட ஐடியாவே வேற. வர்ற வெள்ளத்தைத் துண்டு துண்டாப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க.

அதைப் பார்க்கத்தான் அபிராமம். பார்த்திபனூரில் மெயின் ரோட்டை விட்டுக் கமுதி பக்கம் திரும்பினால் வரும். குண்டு மிளகாய், கரிசல், பனை, தட்டையான தரை. அணை கட்ட மலையே கிடையாது! அதனால் லேசான சரிவைக் கண்டுபிடிச்சு, குறுக்கே பிறை மாதிரி மண்கரை போட்டாங்க. அதுதான் கண்மாய். இது நிறைஞ்சா கலுங்கு வழியா அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அது நிறைஞ்சா அதுக்கும் அடுத்ததுக்கு. பழைய குமிழி மடைகளில் நீரோடி, சேறோடி என்று தனித்தனித் துளை வெச்சாங்க. தண்ணியோடு சேறும் வெளியேறி வயலுக்கு உரமாச்சு. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் ‘உன் பேர் நிலைக்கணும்னா பள்ளமான இடத்தில் தண்ணியைத் தேக்கு’ன்னு குடபுலவியனார் அட்வைஸ் பண்ணினது புறநானூறு 18-ஆம் பாட்டு. இதே மாவட்டத்து ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ன்னு சொல்வாங்க. நாரையாலேயே ஒரே மூச்சில் தாண்ட முடியாதாம்!

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள ஊர்கள் காலி. வரத்துக் கால்வாயில் ஒருத்தர் வீடு கட்டினால் போதும், ஐந்தாறு ஊர் தாண்டி ஒரு கண்மாய் காயும். இப்போ இந்த வட்டாரத்தில் பல கண்மாய்க்குள் தண்ணிக்குப் பதில் சீமைக் கருவேலம்தான் நிறைஞ்சிருக்கு. விளைவு? நவம்பரில் தெருவில் தண்ணி, மே மாசம் குடத்தோடு க்யூ. மழை என்னவோ அதே மழைதான்.

நேரமிருந்தா அழகன்குளம் வரை போயிட்டு வாங்க. வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கம். ரோமானியக் காசும், கப்பல் கீறின பானை ஓடும் கிடைச்ச பழைய துறைமுகம். இன்னிக்கு வைகைத் தண்ணி ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிட்டு மிச்சம் இருந்தாத்தான் கடலுக்கு!

போறதுன்னா டிசம்பரில் போங்க, கண்மாயில் தண்ணியும் பறவையும் இருக்கும். கரையில் ஏறும்போது ஷூ போட்டுக்கங்க. கருவேல முள்ளு ஹவாய் செருப்பையெல்லாம் சும்மா துளைச்சுட்டு வந்துடும்.