ஆறு பேரில் நான்காமவர்

நரேன் கார்த்திகேயனைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் ஐந்து என்ற எண்ணில் வந்து நின்றுவிடும். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 46 முறை ஓடியவர் அவர். மொத்தமாகச் சேர்த்த புள்ளிகள் ஐந்து. அந்த ஐந்தும் ஒரே நாளில், 2005 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் கிடைத்தவை. அன்று பந்தயம் ஓடியவை ஆறே கார்கள். அவர் நான்காவதாக வந்தார். இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தத் தடத்தின் கடைசி வளைவு சரிந்த மேடை கொண்டது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது அங்கே டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. தங்கள் டயர் அந்த வேகத்தை முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலின் நிறுவனம் அறிவித்தது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் அவ்வாண்டின் விதி இடம் தரவில்லை. வளைவின் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. மிஷலின் டயர் போட்ட ஏழு அணிகளின் பதினான்கு கார்களும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பந்தயம் தொடங்கும் முன்பே பணிமனைக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகள் மட்டும் ஓடின. ஜோர்டானில் நரேனின் சக ஓட்டுநர் டியாகோ மான்டேரோ மூன்றாவது, நரேன் நான்காவது.

எறையூரில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. கேபிளில் வந்த விளையாட்டு அலைவரிசையில் அப்பாவும் நானும் அதைப் பார்த்தோம். அப்பா லாரி ஓட்டியவர். எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவம் முழுக்கக் கரும்பு ஏற்றுவார். மற்ற மாதங்களில் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஏற்றுவார். ஆலை வாசலில் டிராக்டர்களும் டயர் மாட்டுவண்டிகளும் இரவெல்லாம் வரிசை கட்டி நிற்கும் ஊர் எங்களுடையது. டிரைவர் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் வேறு. தூக்கம் கெட்ட கண்கள், பெண் கொடுக்கத் தயங்கும் உறவுகள், திருச்சி–சென்னை சாலையில் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய ஒரு செய்தி. ஓட்டுவதைப் புகழுக்குரிய ஒன்றாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

காலியான தடத்தைப் பார்த்து, "இது என்ன பந்தயம்ப்பா, ஆளே இல்லையே" என்றேன். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திரும்பிப் போனவன் திரும்பிப் போனான். இவன் நின்னு ஓட்டுறான்ல. லோடை எறக்குற வரைக்கும்தான் டிரைவரு" என்றார்.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பின்னாளில் நரேனின் ஓட்ட வாழ்வைப் படித்துப் பார்த்தேன். 1977இல் பிறந்தவர், கோவையில் வளர்ந்தவர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி வீரர். பதினைந்து வயதில் பிரான்சின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி, ஊர் திரும்பி ஃபார்முலா மாருதி, பிறகு இங்கிலாந்து. 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். அடுத்துச் சில ஆண்டுகள் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனைக்காக ஓட்டியபோது, ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதன் பிறகும் பந்தயத்தில் ஓட நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 2005 மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயம், பதினைந்தாம் இடம். ஆண்டு முடிந்ததும் வாய்ப்பும் முடிந்தது. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2011இல் எச்.ஆர்.டி. என்ற மிக மெதுவான அணியின் வழியாகத் திரும்பிவந்தார்.

அந்த அணியின் நிலையைச் சொல்ல ஒரு விதி போதும். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் முதல்வர் எடுத்த நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓடாதவர் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது. 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் மெல்போர்னில் எச்.ஆர்.டி. கார்கள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. தான் அறிமுகமான அதே தடத்தில் நரேன் இருமுறை பந்தயத்துக்கு வெளியே நின்றார். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் அவர் பதினேழாவது.

2012 மலேசியப் பந்தயத்தில் மழை கொட்டியது. கனமழை டயரோடு தொடங்கியிருந்த நரேன், பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார். அந்தக் காருக்கு அது நம்ப முடியாத இடம். ஆனால் அந்த நாளிலிருந்து உலகம் நினைவில் வைத்துக்கொண்டது, வெட்டல் அவரைச் சுற்றில் முந்தும்போது இருவரும் உரசியதையும், வெட்டல் பின்பு அவரை வெள்ளரிக்காய் என்று பழித்ததையும்தான். பின்னால் ஓடுபவனின் வேலையில் பாதி கண்ணாடியில்தான் நடக்கிறது. நீல நிறக் கொடி காட்டப்பட்டால் விலக வேண்டும், விலகினால் ஈரத்தில் சக்கரம் பிடி இழக்கும், விலகாவிட்டால் தண்டனை. குறுகிய சாலையில் கரும்பு லோடோடு பேருந்துக்கு வழிவிட்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

பணத்தை மறைத்துவிட்டு இதைப் பேசுவதும் சரியல்ல. எறையூரில் எத்தனை திறமை பிறந்தாலும் அது பந்தயக் காரின் இருக்கைவரை போய்ச் சேராது. அந்தப் படிக்கட்டின் முதல் படியே லட்சங்களில் தொடங்குகிறது. இதை உணர்ந்தவர் கோவையின் கரிவரதன். மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி, உள்ளூரிலேயே செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் பழகிய ஃபார்முலா மாருதி அதுதான். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். கோவையின் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் வளர்ந்து, 1990க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தொடர்ந்த மரபின் நீட்சி இது. ஃபார்முலா ஒன்னில் ஓடிய இரண்டாவது இந்தியரான கருண் சந்தோக்கும் சென்னைக்காரர் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

2012உடன் ஃபார்முலா ஒன்னை விட்டு விலகிய நரேன் ஓட்டுவதை விடவில்லை. ஜப்பானுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஓடினார். 2019 நவம்பரில், ஃபியூஜியில், ஜப்பானிய ஜி.டி. கார்களும் ஜெர்மானிய டி.டி.எம். கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42. இங்கே அது சிறு செய்தியாகக் கடந்து போயிற்று.

ஐந்து புள்ளிகளைச் சொல்லிச் சிரிப்பவர்களிடம் நான் இப்போது வாதிடுவதில்லை. இண்டியானாபோலிஸில் கடைசிவரை நின்று ஓடி முடித்தவர்களுக்குத்தான் புள்ளி கொடுத்தார்கள். அப்பாவின் கணக்கில் அது லோடு இறக்கிய கணக்கு. எங்கள் ஊரில் பெரும்பாலான வாழ்க்கைகளுக்கு அதைவிடப் பெரிய கணக்கு இருந்ததில்லை.