மிச்ச நாடாவில் ஒரு பாட்டு

ரெக்கார்டு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கும்போது டெக்கிலிருந்து 'டடக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. ஷார்ஜாவில், இந்த அடுக்குமாடியில், யாரிடம் போய் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுவது? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலோ, கொட்டகைச் சந்திலோ, தையல் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு.

என்னுடையது கும்பகோணத்தில் இருந்தது. எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி. இசைத்தட்டு உறைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் அண்ணன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அண்ணன்தான்.

நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாளில் ஏ சைடு, பி சைடு என்று கோடு போட்டு எழுதிய பட்டியல்கள். அவை போயின. ஒரு பாட்டைச் சேர்ப்பதா, இன்னொன்றை அடிப்பதா என்று ராத்திரி முழுக்க யோசித்த யோசனையும் அவற்றோடு போயிற்று. அண்ணன் தாளை வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே மனசுக்குள் நிமிஷம் கூட்டுவார். அறுபது கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஏழு ஏறாது. ஆறு போட்டால் மூன்று நிமிஷம் மிச்சம். "கடைசிப் பாட்ட எடுத்துடலாம் தம்பி, பாதியில அறுந்தா நல்லாருக்காது."

அப்புறம் காத்திருப்பு. அன்றைக்குப் பாட்டு ஓடினால்தான் பதிவாகும். அறுபது கேசட்டுக்கு ஒரு மணி நேரம், தொண்ணூறுக்கு ஒன்றரை. தீபாவளி நெருங்கினால் ஒரு வாரம் கழித்துத்தான் கிடைக்கும். கடை வாசலில் நின்று, யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிக்கொடுத்த பட்டியலை முழுசாகக் கேட்டு, அந்த ஆள் காதலில் விழுந்திருக்கிறாரா, தோற்றிருக்கிறாரா என்று ஊகித்துக்கொண்டு, இருட்டிய பிறகும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் நின்ற அந்தச் சாயங்காலங்கள். இப்போது எதற்கும் நிற்க வேண்டியதில்லை. நிற்கவும் இடமில்லை.

ஆனால் நான் இழந்ததில் பெரியது அந்த மூன்று நிமிஷம்தான்.

மிச்ச நாடாவை அண்ணன் வெறுமனே விடமாட்டார். தானாக ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். அட்டையில் நான் கேட்டதெல்லாம் நீல மையில் இருக்கும், அவர் சேர்த்தது மட்டும் சிவப்பில். அந்தச் சிவப்பு வரிகள்தாம் என்னை வளர்த்தன. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக ஜானகி பாடி, படத்தில் இடம்பெறாமல் இசைத்தட்டோடு நின்றுபோன பாட்டு அப்படித்தான் வந்தது. 1991-இல் 'தளபதி'யைக் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்து நிற்கிறேன். படத்தில் வராத ஒன்று கேசட்டில் இருக்கிறது என்று யேசுதாசும் ஜானகியும் பாடியதைப் போட்டுக்காட்டினார். 'நீர்க்குமிழி'யில் தொடங்கிய வி.குமார், 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன் இருவர் பெயரையும் நான் முதலில் படித்தது சிவப்பு மையில்தான். ஒருமுறை பாட்டே இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து வி.எஸ்.நரசிம்மனின் வயலின். டேப்பை நிறுத்தாமல், சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேசட்டை நீட்டும்போது அவர் சொல்வது ஒன்றுதான். "கேட்டுப் பாருங்க தம்பி. புடிக்கலைன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்." அந்தக் குரல், கொஞ்சம் கட்டிய குரல், இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வாரம் போய் "நல்லாருக்குண்ணே" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவர் காத்திருப்பார். சொன்னதும் கேசட்டை வாங்கி, முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒடித்துவிடுவார். அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. இந்தப் பாட்டு இனி உன்னுடையது என்று எழுதிக்கொடுத்த மாதிரி.

பிறகு ஒரே வட்டில் 100-க்கும் மேல் பாட்டு அடங்கும் எம்பி3 வந்தது. பட்டியல் எழுதுவது நின்றது. மிச்சம் என்று எதுவும் இல்லாமல் போயிற்று. விடுமுறையில் போனபோது கடையில் பாதி இடத்தை ரீசார்ஜ் அட்டைகள் பிடித்திருந்தன. "யாரும் லிஸ்ட்டு எழுதிட்டு வர்றதில்ல தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னார். அதற்கடுத்த முறை போனபோது அங்கே செருப்புக்கடை. அண்ணன் எங்கே போனார் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கைப்பேசியில் கோடிக்கணக்கில் பாட்டு இருக்கிறது. நேற்று கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, அதே சாயலில் இன்னொன்றைத் தருகிறது. பல நேரம் நன்றாகவே தருகிறது. ஆனால் எனக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதற்கு ஆசையில்லை. நான் திரும்பி வருவேன் என்று அது காத்திருப்பதுமில்லை.

போன வாரம் வி.குமாரின் பாட்டு ஒன்று தற்செயலாக அகப்பட்டது. இதுவரை கேட்டதே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். கும்பகோணத்துக்கு ஓடிப்போய், அந்தக் கல்லாவின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "அண்ணே, இது உங்ககிட்ட இருந்துச்சா? ஏண்ணே எனக்குப் போட்டுத் தரல?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.