நீர்வழியும் நிலவழியும்

கால்வாய் என்றதும் சென்னைத் தமிழர்க்கு நினைவில் எழுவது பக்கிங்காம் கால்வாய். 1806-ஆம் ஆண்டில் தொடங்கி வெட்டப்பட்ட அந்நீர்வழியில் உப்பும் விறகும் படகேறி நகருக்கு வந்தன. 1877-78-இல், பெரும்பஞ்சத்தில் பசித்துக் கிடந்த மக்களைக் கூலிக்கு அமர்த்தி, அடையாற்றையும் கூவத்தையும் அதனால் இணைத்தனர். அந்தமானில் வாழும் நமக்கோ மனிதர் வெட்டாத கால்வாய்கள் வாய்த்துள்ளன. தெற்கு அந்தமானையும் பாராடாங் தீவையும் பிரிப்பது மிடில் ஸ்ட்ரெயிட். பாராடாங்கையும் நடு அந்தமானையும் பிரிப்பது ஹம்ப்ரி நீரிணை.

அண்மையில் என் பேரனுக்கு அவற்றைக் காட்ட அழைத்துச் சென்றேன். ஜிர்க்காடாங் சாவடியில் விடியுமுன்னே வண்டிகள் வரிசையில் நின்றன. காவலர் துணையுடன் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஜாரவா மக்களின் காட்டிற்குள் புகுந்தன.

"ஏன் தாத்தா, இங்கே இறங்கக் கூடாதா? படமும் எடுக்கக் கூடாதா?" என்றான் பேரன்.

"இது பிறர் வீட்டு முற்றம், ஐயா. நாம் கடந்து போகிறோம், அவ்வளவுதான்" என்றேன்.

மிடில் ஸ்ட்ரெயிட்டைப் பெரும்படகில் கடந்து, நிலம்பூர்த் துறையில் சிறு படகேறினோம். அகன்ற நீர்ப்பரப்பு சிறிது சிறிதாகக் குறுகிக் கண்டற்காட்டினுள் நுழைந்தது. இருபுறத்துக் கிளைகளும் மேலே கைகோத்துப் பந்தலிட்டிருந்தன. சேற்றில் ஊன்றிய வேர்களிடையே நண்டுகள் ஓடின. சுண்ணாம்புக்கல் குகைக்குச் செல்லும் அவ்வழியில், படகின் பொறி ஓய்ந்த கணத்தில், பேரன் என் கையைப் பற்றிக்கொண்டான்.

பின்னர் ஹம்ப்ரி நீரிணையை அடைந்தோம். இன்று அதன் குறுக்கே ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் நிமிர்ந்து நிற்கிறது. முன்னாளில் காந்தி காட் துறையில் காத்திருந்து, படகில் உத்தராத் துறை சேர்வோம். வெற்றிலைக் கூடையுடன் வங்காள உழவர், ராஞ்சித் தொழிலாளி, மாயாபந்தர் செல்லும் கரேன் முதியவர், துணிமூட்டையுடன் நம் தமிழ் வணிகர் என எல்லாரும் ஒரே கம்பியைப் பிடித்து நிற்போம். கரேன் மக்கள் 1925-இல் பர்மாவிலிருந்து வந்தவர்கள். வங்காளியர் பிரிவினைக்குப் பின் 1949 முதல் குடியேறியவர்கள். நாமும் பிழைப்புத் தேடி வந்தவர்களே. ரங்கத்தின் கடைத்தெருவில் அன்று மாலை தேநீர் பருகுகையில் தமிழும் வங்காளமும் இந்தியும் கலந்து ஒலித்தன.

அங்கேதான் பேரன், "இந்தச் சாலையை யார் போட்டார்கள்?" என்று கேட்டான்.

"உன் கொள்ளுத்தாத்தாவும் போட்டார்" என்றேன்.

என் தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து வந்து இச்சாலைப் பணியில் கல்லுடைத்தவர். அப்பணியிடையே மோதல்கள் நேர்ந்தன, உயிர்களும் போயின. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். பிற்காலத்தில் நோயுற்ற என் தாயாரை ரங்கத்திலிருந்து தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் இதே சாலையில்தான். இதனை வெறுக்க என்னால் இயலாது.

ஆயினும் மற்றொன்றையும் மறக்க இயலவில்லை. சென்னையில் பசித்தவர் கால்வாய் வெட்டிய அதே 1877-இல், குடியேறியவரோடு வந்த தட்டம்மை இங்கே அந்தமானியப் பழங்குடியினரை வாரிக்கொண்டு போயிற்று. 1999-இல் அந்நோய் ஜாரவா மக்களையும் தொட்டது. அவர்களின் காட்டினூடே செல்லும் சாலைப்பகுதியை மூட வேண்டுமென 2002-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

நோயாளிக்கும் மாணவனுக்கும் சாலை வேண்டும். வேடிக்கை பார்ப்பவனுக்கு வேண்டுமா? பாராடாங்கைக் கடல்வழியாகவும் அடையலாம். நேரம் மிகும், அலையும் சற்று வருத்தும். வந்தாரை வாழவைத்த பெருமையைச் சொல்லி வளர்ந்த நாம், நம்மை வாழவைத்த மண்ணின் மூத்த குடிக்கு அந்தச் சிறு வருத்தத்தையேனும் ஏற்கலாகாதா?

தாயகத்திலிருந்து அடுத்து வரும் விருந்தினரை நீர்வழியே அழைத்துச் செல்வதாகப் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மறக்கமாட்டான்.