டிஸ்கனெக்‌ஷன் மெமோ

கார்த்திகை மாதத்து மழை நாள். மகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. கல்லில் அடுத்த தோசையை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்து மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. உடனே இன்னொன்று. பிறகு வரிசையாக.

‘ஏறிட்டேன்.’

‘அம்பத்தூர்.’

‘அண்ணனூர். மழை பலமா இருக்கு.’

‘எறங்கிட்டேன்.’

‘அப்பா எங்க நிக்கறீங்க?’

‘அப்பா?’

‘போன் எடுங்கப்பா.’

‘பரவால்ல. நானே வந்துடறேன். நீங்க மழையில வராதீங்க.’

எட்டு செய்திகள். அனுப்பியவள் நாலடி தூரத்தில் உட்கார்ந்து சட்னி தொட்டுக்கொண்டிருந்தாள். அவளும் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள், “தோசை கருகுதுப்பா” என்றாள்.

எங்கள் வீடு பருத்திப்பட்டில். ஆவடி ஸ்டேஷனிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. 1964-ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அப்படி ஒன்றில் அவளுக்கு மதியம் தொடங்கி இரவு முடியும் ஷிஃப்ட். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் ஆவடி கால் மணி நேரம். ஏறியதும் ஒரு செய்தி, அம்பத்தூர் தாண்டும்போது ஒன்று. அதைப் பார்த்ததும் நான் வண்டியை எடுப்பேன். அவள் படியிறங்கி வரும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். வாட்ஸப் வேண்டாம், எஸ்.எம்.எஸ். போதும் என்று சொன்னது நான்தான். ஓடும் ரயிலில் நெட் விட்டு விட்டு வரும், எஸ்.எம்.எஸ். எப்படியாவது நுழைந்துவிடும். தமிழில் எழுது என்று சொன்னதும் நான்தான். ‘ஏறிட்டேன்’ நமக்கு ஐந்து எழுத்து. கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கைபேசியின் கணக்கில் ஒன்பது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் என்றால் தமிழுக்கு 70. எங்களுக்கு அந்த எழுபதே அதிகம்.

ஓய்வுபெற்ற பிறகு, எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாலையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான். கைபேசிக்கு வரும் செய்தி இந்தத் திரையிலும் தெரியும்படி மகள்தான் இணைத்துக் கொடுத்தாள். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கும். அதன் சத்தத்துக்குக் காது கொடுப்பதையே விட்டுவிட்டேன். எட்டரைக்கு மேல் திரையின் மூலையில் அவள் பெயர் எட்டிப்பார்க்கும். அதுவே மணி.

அந்த மழை நாளுக்கு முந்தைய இரவு போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது எல்லாம் பழையபடிதான் தெரிந்தது. இணைப்பு அறுந்திருக்கிறது என்று போனும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் சொல்லவில்லை. இரவு எட்டே முக்காலிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மழைக்கு ரயில் தாமதம் போலிருக்கிறது, இன்னும் ஏறவில்லை என்று நினைத்தேன். மனைவி பூந்தமல்லியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மகள் எனக்கு நான்கு முறையும் அவளுக்கு இரண்டு முறையும் போன் செய்திருக்கிறாள். மனைவி எனக்கு ஐந்து முறை. வராந்தாவின் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் உள்ளறை போன் எனக்குக் கேட்கவில்லை. ஆவடி ஸ்டேஷன் வாசலில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி, தண்ணீர் நின்ற தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவள் கதவைத் தட்டியபோது, நான் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளுக்கு என்னால்தான் அதை விட முடியவில்லை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போனது இந்த ஆவடி வழியாகத்தான். அந்தப் பாதையில் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் ஒருவர் தண்டவாளத்தின் ஓரம் உட்காரவைத்து டிராக் சர்க்யூட்டை விளக்கினார். இரண்டு தண்டவாளங்களிலும் ஒரு முனையில் சின்ன மின்சாரம் கொடுத்திருக்கும். மறுமுனையில் ஒரு ரிலே. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை ரிலே பிக்கப் ஆகி நிற்கும். பாதை காலி என்று பொருள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும், ரிலே டிராப் ஆகும், சிக்னல் சிவப்பு. இதுவரை யாரும் யோசிக்கக்கூடியது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். பேட்டரி செத்துப்போனாலும் ரிலே டிராப் ஆகும். வயரை எலி கடித்தாலும் ஆகும். தண்டவாளமே முறிந்தாலும் ஆகும். எல்லாவற்றுக்கும் சிவப்பு. பழைய கை சிக்னலும் அப்படித்தான். இழுக்கும் கம்பி அறுந்தால் கை தானாக ‘நில்’ நிலைக்குப் போய்விடும். ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனிடம் ‘லைன் கிளியர்’ கேட்கும். பதில் வராவிட்டால் வண்டி நகராது. பதில் இல்லாததை ரயில்வே ஒருநாளும் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டதில்லை.

என் திரையில் அன்று இருந்தது வெறும் வெள்ளை. மகள் இன்னும் ஏறவில்லை என்றாலும் அதே வெள்ளை. அவள் எட்டு செய்தி அனுப்பி, கம்பி நடுவில் அறுந்திருந்தாலும் அதே வெள்ளை. ‘செய்தி இல்லை’ என்பதும் ‘செய்தி வந்து சேரவில்லை’ என்பதும் ஒரே முகத்தோடு இருந்தன. முப்பத்தோரு வருடம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்தவன் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எஸ்.எம்.எஸ். நேராக ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போவதில்லை. நடுவில் கம்பெனியின் செய்தி மையம் ஒன்று உண்டு. அது வாங்கி வைத்துக்கொண்டு, எதிர்முனை போன் அகப்படும்வரை விட்டு விட்டு முயன்று, ஒப்படைத்ததற்கு ரசீதும் பெறும். என் போன் அன்று எட்டு செய்திகளையும் உடனுக்குடன் வாங்கிவிட்டது. மையத்துக்கு ரசீதும் போய்விட்டது. அதற்கு அப்பால், போனிலிருந்து மேஜைக்கு வரும் தூரத்துக்கு ரசீது கேட்கிறவர் யாரும் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடும் வேலைகளைப் போன் நிறுத்தி வைக்கும். புதுப்பித்த பிறகு எந்த வேலைக்கு அனுமதி, எதற்கு இல்லை என்ற பட்டியல் சில சமயம் மாறிவிடுவதும் உண்டு. அன்றிரவு நான் போனை எடுத்துத் திறந்த பிறகுதான் தேங்கியிருந்ததெல்லாம் திரைக்குப் பாய்ந்தது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் அனுப்பிய உலகின் முதல் எஸ்.எம்.எஸ். கம்ப்யூட்டரிலிருந்து கைபேசிக்குப் போனது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், திரும்பி வரும் பாதையில், எங்கள் வீட்டுக்குள் இருக்கும் பன்னிரண்டு அடியை அதனால் தாண்ட முடியவில்லை.

இதைவிடப் பெரிய தேக்கங்கள் நடந்திருக்கின்றன. 2019 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று அமெரிக்காவில் ஒரு சர்வர் நின்றுபோய், 1,68,149 செய்திகள் சிக்கிக்கொண்டன. நவம்பரில் பராமரிப்பு வேலை பார்த்தபோது அவை ஒரே இரவில் போய்ச் சேர்ந்தன. இடையில் இறந்துபோனவர்களின் பெயரில் செய்தி வந்து விழித்துக்கொண்டவர்களும் உண்டு. நம் நாட்டில் 2021 மார்ச் 8 அன்று, வணிகச் செய்திகளைப் பதிவுசெய்த வாசகத்தோடு ஒப்பிட்டு வடிகட்டும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. மோசடிச் செய்திகளைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் பொருந்தாத செய்தியோடு வங்கி ஓ.டி.பி.யும் நின்றுபோனது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. அந்தப் பதிவுக்கும் ஓ.டி.பி. வேண்டியிருந்தது. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த முறையை ஏழு நாளுக்கு நிறுத்தி வைத்தது. ஓ.டி.பி. வராவிட்டால் வரவில்லை என்று தெரிந்துவிடும், கேட்டவர் காத்துக்கொண்டிருப்பார். மகளின் செய்தி அப்படியல்ல. அவள் எப்போது அனுப்புவாள் என்பதே செய்தி.

2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்தியை நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தாளில் கொடுத்த நேரமும் இருக்கும், வந்து சேர்ந்த நேரமும் இருக்கும். எவ்வளவு தாமதம் என்று படிப்பவருக்கே தெரியும்.

சிக்னல் பிரிவில் ஒரு வழக்கம். பாயிண்டிலோ சிக்னலிலோ ரிலே அறையிலோ கை வைப்பதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்க வேண்டும். இன்ன கருவியை, இன்ன நேரத்திலிருந்து பிரிக்கிறோம், அதை நம்பி வண்டி விடாதீர்கள் என்று எழுத்தில். அவர் நேரம் போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுக்கும்வரை அந்தக் கருவி இல்லாதது போலத்தான். நள்ளிரவில், மழையில், ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு எழுத்தா என்று இளவயதில் சலித்துக்கொண்டிருக்கிறேன். 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பஹாநகா பஜாரில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் இருந்த குறைகளை விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. எங்கள் பிரிவில் வேலை பார்த்த யாரும் அந்த இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தத் துயரத்தின் பக்கத்தில் என் மகளின் நாற்பது நிமிடத்தை வைத்துப் பேசுவது தவறு என்று தெரியும். ஆனால் மெமோ எதற்காக என்று எனக்கு ரத்தத்தில் ஏறியிருக்கிறது. இரவில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் போன் காலையில் ஒரு வரி காட்டியிருக்கலாம்: ‘கம்ப்யூட்டர் இணைப்பைப் பிரித்திருக்கிறேன், நீங்கள் பார்த்து உறுதி செய்யும்வரை நம்ப வேண்டாம்.’ போனுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகளில் சிலர் பட்டாபிராமிலும் அம்பத்தூரிலும்கூட உட்கார்ந்திருக்கலாம். அவர்களுடைய வேலை கடினமானது என்பதை மதிக்கிறேன். இந்த ஒரு வரியைக் கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மகள் இணைப்பைச் சரிசெய்து கொடுத்தாள். நான் அவளிடம் எங்கள் பிரிவு வழக்கத்தைச் சொன்னேன். இப்போது அவள் ‘ஏறிட்டேன்’ அனுப்பினால் நான் ‘லைன் கிளியர்’ என்று பதில் அனுப்ப வேண்டும். அம்பத்தூர் தாண்டியும் பதில் வராவிட்டால் சிவப்பு என்று வைத்துக்கொண்டு அவள் கூப்பிடுவாள். என் பக்கமும் அதே கணக்கு: எட்டே முக்கால்வரை திரை வெள்ளையாக இருந்தால் நான் கூப்பிடுவேன். போன் இப்போது மேஜைமேலேயே இருக்கிறது.

அந்த எட்டு செய்திகளையும் அழிக்கவில்லை. ‘நீங்க மழையில வராதீங்க’ என்பது அவள் ஸ்டேஷன் வாசலில் நனைந்துகொண்டே எழுதியது.

போன வியாழக்கிழமை நான் அனுப்பிய பதில் போகாமல் எங்கோ நின்றுவிட்டது. ரயில் திருமுல்லைவாயலில் நிற்கும்போது போன் அடித்தது.

“அப்பா, லைன் கிளியரா?”

வண்டிச் சாவி என் கையில் இருந்தது.